லண்டன் பிரிட்ஜ் ஸ்டேசனை மூடாமல் திருத்தின காலம்: என்ர அனுபவம், உங்கடயும் எழுதுங்கோ

ஸ்டேசனை மூடாமலே உடைச்சுக் கட்டினால் தினமும் போய்வாற ஆக்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. லண்டன் பிரிட்ஜ் ஸ்டேசனில பெரிய வேலை 2013இல தொடங்கி 2018இல முடிஞ்சுது. அவ்வளவு காலமும் நான் லூயிஷமிலிருந்து அங்கதான் வேலைக்குப் போய்வந்தனான். பக்கத்துத் தெருவில ஒரு கந்தோர் கன்ரீன். காலமை எட்டு மணிக்கு நான் அடுப்படியில நிக்கவேணும்.

வருசத்துக்கு அஞ்சு கோடி சனத்துக்கு மேல போய்வாற இடம், மூட ஏலாது. 1836இல திறந்த ஸ்டேசன். தண்டவாளம் எல்லாம் செங்கல் வளைவுகளுக்கு மேலதான் ஓடுது. அந்த வளைவுகளை இடிச்சு, கீழ ஒரு பெரிய மண்டபத்தைக் கட்டவேணும், மேல ரெயினும் ஓடவேணும். அதனால தெற்குப் பக்கத்தில தொடங்கி, ரெண்டு மூண்டு பிளாட்போமாக மூடி, கட்டி, திறந்து, பிறகு அடுத்ததில கை வைச்சவை.

பிளாட்போம் மூடினதைவிட, ரெயின் நிக்காமல் போனதுதான் எங்களுக்குப் பெரிய கரைச்சல். லூயிஷம் ரெயின்கள் லண்டன் பிரிட்ஜைத் தாண்டி, சாரிங் குறொஸ் இல்லாட்டி கனன் ஸ்ட்ரீட் எண்ட கடைசி ஸ்டேசனுக்குப் போறது. 2015 ஜனவரியிலிருந்து 2016 ஓகஸ்ட் வரைக்கும் சாரிங் குறொஸ் ரெயின் ஒண்டும் அங்க நிக்கேல்லை. நாங்கள் கனன் ஸ்ட்ரீட் ரெயினைத்தான் பிடிக்கவேணும். அதுக்குப் பழகி முடிய, 2018 ஜனவரி வரைக்கும் கனன் ஸ்ட்ரீட் ரெயின் நிக்காது, சாரிங் குறொஸ் ரெயின்தான் நிக்கும் எண்டு மாறிச்சுது.

2015 ஜனவரியில மாறின முதல் கிழமை நித்திரைத் தூக்கத்தில பழைய சாரிங் குறொஸ் ரெயினிலேயே ஏறிப்போட்டன். லண்டன் பிரிட்ஜுக்குள்ள வண்டி ஊர்ந்துதான் போச்சுது. கண்ணாடிக்கு அங்கால செம்மஞ்சள் சட்டை போட்ட ஆக்கள், குத்தி நிக்கிற கம்பிகள், அதுக்கும் அங்கால நான் வேலை செய்யிற கட்டடத்தின்ர மேல் மாடி. கதவு திறக்கேல்லை. வாட்டர்லூ ஈஸ்ற்றில இறங்கி, அப்பிடியே சதர்க் அண்டர்கிரவுண்ட் ஸ்டேசனுக்குள்ளால போய், ஜூபிலி லைனில ஒரு ஸ்டேசன் திரும்பி வந்தன். இருபத்தஞ்சு நிமிசம் பிந்திப் போச்சு. அரை மணித்தியாலச் சம்பளத்தை வெட்டிச்சினம். அண்டைக்கு நான் அழுதனான். இருபது வருசத்தில ஒரு நாளும் பிந்தாத ஆள் நான்.

பின்னேரம் வேற மாதிரி. அஞ்சரைக்கு ஒரு ரெயின் பிந்தினால் போதும், சனம் வாசல் மட்டும் நிறைஞ்சிடும். உள்ள இடம் வாற வரைக்கும் வெளிய மறிச்சு வைப்பினம். மேல இருக்கிற அறிவிப்புப் பலகையை நிண்ட இடத்திலயிருந்து பார்க்க ஏலாது, தகரத் தடுப்பு மறைக்கும். அப்பிடி ஒரு மாசி மாதப் பின்னேரம், ஸ்டேசன் வேலையாள் ஒரு பொம்பிளை ஒரு பெட்டிக்கு மேல ஏறி நிண்டவ. கையில ஒரு சின்ன வெள்ளைப் பலகை. ஊரின்ர பேரையும் பிளாட்போம் நம்பரையும் மார்க்கரால எழுதித் தூக்கிக் காட்டுவா. மாறினால் சட்டைக் கையாலேயே அழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதுவா. அந்தக் கை முழங்கை மட்டும் நீலமாக இருந்தது. தொண்டை அடைச்சுப் போய்ச் சத்தம் வரேல்லை. ஆனால் அவ நிண்ட பக்கத்துச் சனம்தான் தள்ளுப்படாமல் நகர்ந்தது.

மொத்தச் செலவு நூறு கோடி பவுண். நான் சொல்லுறது, இப்பிடியான வேலைக்குக் காசு ஒதுக்கேக்க அவவைப் போல இருபது பேருக்கு முதல் ஒதுக்கவேணும். எந்தப் பக்கம் நடக்கிறது எண்டு தெரிஞ்சால் சனம் எவ்வளவையும் பொறுக்கும்.



அக்கா, நீங்கள் மேல நிண்ட நேரம் நான் கீழ நிண்டிருக்கிறன். பி.டி.எஸ். எண்ட, தண்டவாளத்தில வேலை செய்யிறதுக்கான பாதுகாப்பு அட்டை எடுத்து, ஒரு சப்-கொன்றாக்ரருக்குக் கீழ பதினாலு மாசம் இரவு வேலை.

பகலில தடுப்புக்குப் பின்னால வேலை நடக்கும். தண்டவாளத்தில கை வைக்கிறதெண்டால் இரவில, இல்லாட்டி சனி ஞாயிறில, கிறிஸ்மஸ் லீவில. அதைப் பொசெஷன் எண்டு சொல்லுவம், கரண்ட் நிப்பாட்டிப் பாதையை எங்கட கையில தாற நேரம். வந்த சாமானை எல்லாம் எண்ணி, ஒரு ஸ்பானர்கூட விட்டுப் போகேல்லை எண்டு பார்த்துத்தான் திருப்பிக் குடுக்கிறது. முதல் ரெயினுக்கு முன்னம் குடுத்தே ஆகவேணும்.

வளைவுகளுக்குள்ள நிக்கேக்க பக்கத்துப் பாதையில ரெயின் போனால் நெஞ்சுக்குள்ள அதிரும், சாந்துத்தூள் தலையில கொட்டும். நூற்றியெழுபது எண்பது வருசத்துக்கு முதல் கையால அடுக்கின கல்லு. அதை உடைக்கேக்க எனக்கு மனம் கேக்கேல்லை. கொஞ்ச வளைவுகளை வடிவாகத் துப்புரவாக்கி அப்பிடியே விட்டிருக்கினம். கடைகள் இருக்கிற மேற்குப் பக்கம் போனால் நிமிர்ந்து பாருங்கோ.

உங்களுக்குச் சம்பளம் வெட்டினதை வாசிக்கக் கவலையாக இருந்தது அக்கா. எங்களுக்கு மேல நிண்ட சனத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நேரம் மட்டும்தான் சொன்னவை.



நான் வேற ஆள். எனக்கு அந்த ஸ்டேசன் தெரிஞ்சது வேலை முடிஞ்ச பிறகுதான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. இப்ப எல்லாப் பிளாட்போமுக்கும் லிப்ற் இருக்கு. ரூலி ஸ்ட்ரீட் பக்கத்தால உள்ளிட்டு, ஒரு படிகூட ஏறாமல் மற்றப் பக்கம் சென் தோமஸ் ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம். கிளினிக்குக்குப் போற நாளில நான் லீவு எடுக்கிறதை விட்டிட்டன், அவ தனியப் போய்வாறா.



தம்பி, நீங்கள் எழுதினதை வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். அந்த அதிர்வு மேல நிண்ட எங்களுக்கும் காலுக்குள்ள கேக்கும், என்னெண்டு தெரியாது.

ஒண்டு எழுத மறந்து போனன். பழைய ஸ்டேசனில ஏழாம் நம்பர் பிளாட்போம் இல்லை. ஆறுக்குப் பிறகு எட்டு. புதுசாக வந்த ஆக்கள் ஏழைத் தேடி அலைவினம், நானும் தொடக்கத்தில தேடினனான். 2016 ஓகஸ்ட் கடைசியில புது மண்டபத்தில மூண்டில ரெண்டு பங்கைத் திறந்து, சாரிங் குறொஸ் ரெயின் திரும்ப நிக்கத் தொடங்கின கிழமை, பின்னேரம் எஸ்கலேற்றரில ஏறிப் போனால் முன்னால ஏழு எண்டு நம்பர். தூண் எல்லாம் புதுசு, பெயின்ற் மணம் போகேல்லை. லூயிஷம் ரெயினுக்கு நாலு நிமிசம் இருந்தது. நான் அந்த நம்பருக்குக் கீழதான் நிண்டனான்.