வட்டத்தில் உட்கார்ந்த நாள்: இன்னும் உறுத்தும் ஒரு நிமிடத்தை எழுதுங்கள்

பூன்லே மொழிபெயர்ப்பாளர்

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் மின்தூக்கியில் தனியாக நிற்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மின்சாரம் தாக்கி வெளிநாட்டு ஊழியர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய அறைத் தோழர்கள் 11 பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஊழியர் விடுதியின் பொழுதுபோக்கு அறையில் வட்டமாக உட்காரவைத்தார்கள். நடத்தியவர் சீன ஆலோசகர், நல்ல மனுஷி. நான் மொழிபெயர்க்கப் போன தொண்டூழியன். எனக்குக் கிடைத்தது அரை நாள் பயிற்சி, அதில் ஒரு சொற்பட்டியல். ‘டிராமா’ (trauma) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘மன அதிர்ச்சி’ என்று அச்சடித்திருந்தது.

ஆலோசகர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதற்றத்தில் ‘மன’ என்பதை விழுங்கிவிட்டு, “உங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியைப் பற்றிப் பேசலாம்” என்றேன். எதிரே ஒரு பையன், மன்னார்குடிப் பக்கம், 23 வயது இருக்கலாம். நிமிர்ந்து பார்த்து, “எனக்கு ஷாக் அடிக்கவில்லை அண்ணே. அவனுக்குத்தான் அடித்தது” என்றான். கிண்டல் இல்லை. படிவத்தில் பெயர் தப்பாக இருந்தால் திருத்துவோமே, அந்தக் குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன சொன்னார் என்று ஆலோசகர் என்னைப் பார்த்தார். “தனக்கு ஒன்றுமில்லை என்கிறார்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஈசூன் அக்கா

தம்பி, நீங்களாவது ஒரு சொல்லை விழுங்கினீர்கள். நாங்கள் எட்டுப் பேர் ஒரு டிஷ்யூ பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

துயரத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுவை நடத்துபவர்களுக்கான பயிற்சியில் ஒரு விதி உண்டு, போனவர்களுக்குத் தெரியும்: அழுகிறவர் கையில் டிஷ்யூவைத் திணிக்காதே. ‘போதும், நிறுத்து’ என்று சொல்வதுபோல ஆகிவிடுமாம். பெட்டி நடுவில் இருக்கும், வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்வார். சரி என்று நானும் குறித்துக்கொண்டேன்.

மகனை இழந்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், நான்காவது வாரம்தான் முதன்முதலாக அழுதார். பெட்டி தரையில், அவர் காலிலிருந்து நான்கடி தூரம். அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி, குனிய முடியாது. பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விதி தெரிந்த நாங்கள் அசையவில்லை. கடைசியில் முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

காப்பிக் கடையில் மேசை பிடிக்க டிஷ்யூ பொட்டலத்தை வீசிவிட்டுப் போகிற ஊர் இது. ஒருவர் கண்ணைத் துடைக்க மட்டும் எங்களுக்குக் கை நீளவில்லை.

ஓவன் ரோடு 1986

நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்த 1986 மார்ச் 15 அன்று எனக்கு 19 வயது. அம்மாவின் சாப்பாட்டுக் கடை இரண்டு தெரு தள்ளி. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள், அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நினைவிருப்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பெண். அம்மா கொடுத்த தேநீரை வாங்கி, ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மறுநாளும் அதே இடத்தில் நின்றார். மூன்றாம் நாள் வரவில்லை. அவருடைய ஆள் கிடைத்தாரா இல்லையா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்போது எங்கள் பக்கம் யாரும் வட்டம் போட்டு உட்காரவைக்கவில்லை. ஆனால் இது நமக்குப் புதிதா என்ன? பாட்டி இறந்தபோது பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்துதான் ஒப்பாரி வைத்தார்கள். அதில் பாதிப் பேர் அழுதது பாட்டிக்காக அல்ல, அவரவர் புருஷனுக்கும் பிள்ளைக்கும். கையேடும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. டிஷ்யூ விதி எழுதியவர்கள் ஒருமுறை எழவு வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

குறிப்பேட்டுக்காரன்

ஓவன் ரோடு ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஒப்பாரி வட்டத்தில் ஆண்கள் எங்கே இருந்தார்கள்? வாசலில் பெஞ்சு போட்டு, பாடைக்கு மூங்கில் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். விடுதியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த வாசல் பெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு வட்டம் எப்போதும் இருந்ததில்லை.

என் கதை சின்னது. விடுதிக் குழு ஒன்றில் ஒருவர், “ராத்திரி இரும்பு விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்” என்றார். எதிரே இருந்தவர், “நீயுமா?” என்றார். இருவரும் ஒரே அறை, மேல் படுக்கையும் கீழ்ப் படுக்கையும். எட்டு மாதமாக ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குழுச் சிகிச்சை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலம் சொன்ன 11 காரணிகளில் இதுவும் ஒன்று: எனக்கு மட்டுமில்லை என்று தெரிவது. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்தார். எடை பார்க்கவும் ஓய்வு, காற்று, உணவு பற்றிச் சொல்லிக்கொடுக்கவும்தான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே தெம்பானார்கள்.

இனி குழு நடத்தப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சம்பவம் நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து, “என்ன பார்த்தாய், முதலிலிருந்து சொல்” என்று தோண்டாதீர்கள். ஒரே ஓர் அமர்வில் ஒருவரை அப்படிப் பேசவைப்பது பின்னால் வரும் மனநோயைத் தடுப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. சிலருக்குத் தீங்காகவும் முடியலாம். உளவியல் முதலுதவி பற்றிய உலகச் சுகாதார அமைப்பின் 2011 கையேடு சொல்வது மூன்றே வேலை: பார், கேள், தேவையான இடத்தோடு சேர்த்துவிடு. ‘கேள்’ என்றால் காதால் கேட்பது, கேள்வி கேட்பது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் என் பயிற்சியில் பாதிப் பேர் குழம்பினார்கள்.

மொழிபெயர்ப்பாளரை வாசலில் வைத்து அறிமுகம் செய்யாதீர்கள். முன்பு கால் மணி நேரம், பின்பு கால் மணி நேரம் அவரோடு தனியாகப் பேசுங்கள். ‘மன அதிர்ச்சி’ வேண்டாம், ‘அதற்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள்’ போதும். மேற்பார்வையாளர் உள்ளே இருக்கக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று சொன்னால் வேலை பெர்மிட் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. இங்கே சொன்னது வெளியே போகாது என்று முதல் நாள் மட்டுமல்ல, ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். நள்ளிரவில் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றினால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க முடியாது. 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள். அக்கா, டிஷ்யூ விதி தப்பில்லை. பெட்டியை வைத்த இடம்தான் தப்பு.

ஈசூன் அக்கா

பெட்டியை அங்கே வைத்தது பயிற்சியாளர். நகர்த்தாமல் இருந்தது நான். விதியைப் பற்றி நான் கேட்கவில்லையே தம்பி.

மேல் படுக்கை

நான் வெளிநாட்டு ஊழியன். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். 2020-இல் கொரோனாவால் விடுதியை அடைத்தபோதும் இருந்தேன். எங்கள் அறைக்காரர் ஒருவரும் இறந்தார், வேறு நிறுவனம், வேறு சம்பவம்.

எனக்குள் நிற்பது அவருடைய போன். கீழ்ப் படுக்கையில் சார்ஜில் இருந்தது. தினமும் இங்கே ஒன்பதரை, ஊரில் ஏழு மணிக்கு மனைவி வீடியோவில் அழைப்பார். அன்றும் அழைத்தார். ஊருக்கு இன்னும் தகவல் போகவில்லை. திரையில் பிள்ளையின் படம், பள்ளிச் சீருடையில். மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுத்தால் நான்தான் சொல்ல வேண்டும். ஒருவன் எழுந்து தலையணையை அதன்மேல் வைத்தான். தலையணைக்கு அடியிலும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு எங்களையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். வருகிறது, சாப்பிடுகிறோம் என்றோம். சூப்பர்வைசர் கதவருகே நின்றிருந்தார். போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பூன்லே அண்ணே, அந்தப் பையன் சொன்னதை நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தாலும் அவன் அதற்குமேல் பேசியிருப்பானா என்று தெரியாது. ஆனால் சொல்லியிருக்கலாம்.

ஓவன் ரோடு 1986

தம்பி, அந்தப் பெண்ணிடம் யார் சொன்னார்கள்?

மேல் படுக்கை

ஊரிலிருந்து அவருடைய மச்சான் நேரில் போய்ச் சொன்னார் ஐயா. மறுநாள் காலை. அதுவரை 14 அழைப்பு.

பூன்லே மொழிபெயர்ப்பாளர்

நேற்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டு அந்த ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன். எண் இன்னும் இருந்தது. அன்று பையன் சொன்னது இதுதான், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அந்தப் பையனின் முகம் நினைவிருக்கிறதாம், சாம்பல் நிறச் சட்டை. “அவர் சொன்னதும் நீங்கள் அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். ஒன்றை எடுத்து, சாப்பிடாமல் கையில் வைத்திருந்தான்.