கதையின் முதல் பக்கத்தை வெட்டலாமா?

புளியரைக்காரன்:
பூக்கார ஆச்சி ஒருத்தியைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். 2010, செங்கோட்டையிலிருந்து மலை தாண்டிக் கேரளத்துப் புனலூர் போகும் மீட்டர் கேஜ் (குறுகிய தண்டவாள) ரயில் நிறுத்தப்படப்போகிறது. சங்கரன்கோவில் மல்லிகையைப் புனலூரில் விற்கிற ஆச்சிக்கு அது கடைசி வாரம். சிக்கல் முதல் பக்கத்தில். 1904இல் திறந்த பாதை, மலைக் குகை, கழுத்துருட்டியின் பதிமூணு கண் பாலம், சாரல் எல்லாம் அதில் இருக்கிறது. ஆச்சி இரண்டாம் பக்கத்தில்தான் வாயைத் திறக்கிறாள். படித்தவர்கள் 'வர்ணனை அருமை' என்கிறார்கள். என்ன கதை என்றால் முழிக்கிறார்கள். வெட்ட மனசு வரவில்லை, இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவன். எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

தென்மலை டீச்சர்:
தம்பி, அந்த வண்டியில் நானும் போய்வந்திருக்கிறேன். கூடைக்காரப் பெண்கள் பாலத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. குகை வரும்போதுதான் பேச்சு நிற்கும். பெட்டிக்குள் இருட்டு, அவரவர் கை கூடைமேல் போகும். கதையை அங்கே ஆரம்பியுங்கள். ஆச்சியின் கையோ கண்ணோ படாத எதுவும் முதல் பக்கத்தில் வேண்டாம். 1904 வேண்டவே வேண்டாம், அது கல்வெட்டுப் பேச்சு.

கொழிஞ்சாம்பாறை:
வெட்டுங்கள், ஆனால் பழைய பிரதியை அழிக்காதீர்கள். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பில் எடிட்டர் கோர்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். அச்சை நிறுத்தச் சொல்லிக் கார்வர் கடிதம் எழுதியும் வெட்டியபடிதான் வந்தது, பெயரும் வாங்கியது. வெட்டாத வடிவம் 2009இல் தனியாக வந்தது. எனக்கு இரண்டும் பிடிக்கும் (இதற்கு நண்பர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்). அப்புறம், நான் எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். உரிக்கிற கை எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரி பிழைத்தது.

புளியரைக்காரன்:
டீச்சர், குகையில் ஆரம்பித்துப் பார்த்தேன். நாலாவது வரியிலேயே ஆச்சி பக்கத்து ஆளை அதட்டிவிட்டாள்! பாலம் போயே போய்விட்டது. ஆனால் 1956ஐ விடமாட்டேன். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அந்த நவம்பர் 1 அன்று, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆச்சியின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஆரியங்காவு கேரளாவில் நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் கடைசி வண்டிக்கு என்ன கனம்?

தென்மலை டீச்சர்:
சரி, விடாதீர்கள். வருஷத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். குகை தாண்டினால் ஆரியங்காவு ஸ்டேஷன்தானே? அக்கா பேத்தி ஜன்னலோரம் வந்து பூ கேட்கட்டும். ஆச்சி முழம் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல், "அவளுக்கு இப்போ கண்ணு தெரியுதா?" என்று மட்டும் கேட்கட்டும். அதற்குள் வண்டி நகர்ந்துவிடும், பதில் எழுத வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை:
டீச்சர், கதையை நீங்களே எழுதிவிடுவீர்கள் போலிருக்கிறது.