ஹோமியோபதி கேஸ் டேக்கிங் (நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது) பயிற்சி: அச்சடித்த படிவமா, வெள்ளைத் தாளா?

ஓபிடி வாத்தியார்:
கிளினிக்கல் போஸ்டிங் வரும் பிள்ளைகள் கையில் எட்டுப் பக்கப் படிவத்தைத் திணிப்பதை நிறுத்தணும். கட்டம் இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். ஹானிமன் எழுதிய ஹோமியோபதி மூலநூல் ஆர்கனானின் 84, 85ஆம் பத்திகள் கேட்பது கொஞ்சம்தான்: நோயாளி பேசட்டும், குறுக்கிடாதே, ஒவ்வொரு குறியையும் (நோய் அறிகுறி) புது வரியில் எழுது. தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதட்டும், வரிக்கு வரி இடம் விட்டு. அவர் ஓய்ந்ததும் "வேற என்ன?" அதுக்கும் பதில் தீர்ந்த பிறகுதான் வலப்பக்கம். ஒவ்வொரு குறிக்கும் இடம் எது, உணர்வு எப்படி, எதனால் கூடுது குறையுது, கூடவே வேறென்ன வருது.

ரூப்ரிக் ராணி:
கேட்க நல்லாத்தான் இருக்கு சார். வெளியே பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, வெள்ளைத் தாளோடு போன மாணவி முக்கால் மணி நேரம் மாமியார் மருமகள் கதை கேட்டுட்டு வருவாள். மாதவிடாய் விவரம் இருக்காது, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று இருக்காது, எடையும் பிபியும்கூட இருக்காது. விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கவாவது படிவம் வேணும்.

ஓபிடி வாத்தியார்:
விட்டுப்போனதை அடுத்த வாரம் கேட்டுக்கலாம் மேடம். கேட்ட விதம் தப்பாப் போனா பதிலே கெட்டுப்போகும். முழங்கால் வலி கேஸ் எடுங்க. படிவத்தில் "நடந்தால்: கூடும் / குறையும்" என்று இருக்கும். பையன் "நடந்தா வலி கூடுதாம்மா?" என்பான், அந்த அம்மா "ஆமாப்பா" என்பார். பிரையோனியா மருந்துக்கும் ஆமா, ரஸ்டாக்ஸ் மருந்துக்கும் ஆமா. "காலைல எழுந்து பாத்ரூம் போறப்ப எப்படி இருக்கு? மார்க்கெட் போயிட்டுத் திரும்பறப்ப?" என்று கேட்டிருந்தால், முதல் சில அடியில் பிடித்து அப்புறம் இளகுதா (ரஸ்டாக்ஸ்), அசைய அசைய வலிக்குதா (பிரையோனியா) என்று தனித்தனியாகத் தெரிந்திருக்கும். ஆமா, இல்லை என்று முடியும் கேள்வி கூடாது என்று 87ஆம் பத்தி சும்மா சொல்லலை.

சந்தேகப் பிராணி:
நான் எம்பிபிஎஸ். 12சி (நூற்றில் ஒரு பங்காக 12 தடவை நீர்த்தது) தாண்டிய மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவதே சந்தேகம் என்பதால் உங்கள் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கலாம். உங்கள் உதாரணத்திலேயே ஓட்டை இருக்கு. முழங்கால் தேய்மானத்தில் உட்கார்ந்து எழுந்ததும் பிடிப்பதும், கொஞ்சம் நடந்ததும் இளகுவதும் நோயின் இயல்பு. 153ஆம் பத்தி விசித்திரமான, அபூர்வமான குறிக்குத்தானே முதலிடம் கொடுக்குது? அப்புறம் இந்தச் சாதாரணக் குறிக்கு எப்படி ரொம்ப முக்கியம் என்று மூணு கோடு போடுவீங்க? காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டால் தேய்மானம் என்று யோசிக்கலாம். ஒரு மணி நேரம் தாண்டி, விரல் மூட்டும் வீங்கியிருந்தால் ரூமடாய்டு சந்தேகம், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பணும். பேத்தாலஜி படிக்காதவருக்கு எது சாதாரணம் என்றே தெரியாது, எதை விசித்திரம் என்பார்?

ரூப்ரிக் ராணி:
இதில் பிராணி சார் பக்கம்தான் நான். நோய்க்கு உரிய குறி, ஆளுக்கு உரிய குறி என்று ரெண்டு வரிசையாகப் பிரிக்காமல் யாரும் ரெபர்டரியை (எந்தக் குறிக்கு எந்தெந்த மருந்து என்று தொகுத்த நூல்) தொடக்கூடாது.

ஹவுஸ்சர்ஜன் தம்பி:
ஒரு சந்தேகம் மேடம். கத்திரி வெயில்ல யாரைக் கேட்டாலும் "சூட்டு உடம்பு, தாகம், வேர்வை"ங்கிறாங்க. எல்லாத்தையும் எழுதினா எல்லாருக்கும் ஒரே மருந்து வருது.

ரூப்ரிக் ராணி:
மூணையும் அடிச்சுடு தம்பி. மே மாசம் சென்னையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணி குடிக்கிறது ஊரோட குறி. மார்கழியில் குளிக்கப் பச்சைத்தண்ணியா வெந்நீரா, ராத்திரி ஃபேனைக் குறைக்கச் சொல்றது வீட்டில் யாரு, ஏசி பஸ்ஸில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்துறாங்களா என்று கேள். வேர்வையில் உடம்பெல்லாம் வேர்ப்பதை விட்டுடு. தூங்கும்போது தலை மட்டும் வேர்த்துத் தலையணை நனையும் குழந்தையா, எழுது. 102 டிகிரி காய்ச்சலிலும் தண்ணியே வேண்டாம் என்கிறாரா, நல்லா எழுது. தாகத்தோடு அடிக்கடி சிறுநீர், எடையும் குறையுது என்றால் பேனாவை வச்சுட்டு முதல்ல சர்க்கரை பார்.
கோடு போடுறதில் எங்க கணக்கு: தானா, அழுத்தமாச் சொன்னதுக்கு மூணு. கேட்டதும் தெளிவாச் சொன்னதுக்கு ரெண்டு. துருவித் துருவி வாங்கினதுக்கு ஒண்ணு. பக்கத்தில் இருக்கும் மகன் சொன்னதுக்குக் கோடே கிடையாது, ஓரத்தில் "மகன் சொன்னது" என்று குறிப்பு மட்டும்.

ஓபிடி வாத்தியார்:
அதோடு, இருபத்தஞ்சு ரூப்ரிக்கை (ரெபர்டரியில் ஒரு குறியும் அதற்கான மருந்துப் பட்டியலும்) மென்பொருளில் கொட்டாதே. சல்பர், லைக்கோபோடியம், கல்கேரியா கார்ப் மாதிரி மருந்தெல்லாம் பெரிய ரூப்ரிக்குகளில் பெரும்பாலும் இருக்கும், எண்ணிக்கையில் அவைதான் மேலே வந்து உட்காரும். ஆறேழு போதும். ரெண்டு மூணு மருந்தே உள்ள குட்டி ரூப்ரிக்கை வைத்து மற்றதை எல்லாம் கழிக்காதே, சரியான மருந்தும் சேர்ந்து போயிடும்.

சந்தேகப் பிராணி:
ஒரே நோயாளியை அஞ்சு பேர் எடுத்தால் அஞ்சு மருந்து வரும் என்று நான் சொன்னால் கோபம் வரும். சோதிச்சுப் பாருங்களேன். நோயாளி சம்மதத்தோடு ஒரு கேஸைப் பதிவு செய்து, ரெண்டு பேரைத் தனித்தனியே கோடு போட விடுங்க. மருந்துப் பெயரை ஒப்பிடாதீங்க, எந்தக் குறியில் கோடு வித்தியாசப்படுது என்று பாருங்க.
இன்னொண்ணு. நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை. அம்லோடிபைன் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரில் வறட்டு இருமல் தரலாம், மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கலாம். மூணையும் குறியாக எழுதி மருந்து தேடினால் தேடுவது மாத்திரையின் பக்கவிளைவுக்கு.

ஓபிடி வாத்தியார்:
இது 91ஆம் பத்தியிலேயே இருக்கே சார். மருந்து எடுக்கும்போது தெரிவது நோயின் சுத்தமான உருவம் இல்லை, நாள்பட்ட நோயில் சில நாள் மருந்தில்லாமல் விட்டுப் பார் என்கிறார் ஹானிமன்.

சந்தேகப் பிராணி:
அந்தப் பத்தியைத்தான் பயப்படுறேன். அதைப் படிச்சிட்டு ஒரு மாணவன் இன்சுலினை நிறுத்தச் சொன்னால்?

ரூப்ரிக் ராணி:
சொல்லக்கூடாது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இதய மாத்திரை எதையும் நிறுத்தச் சொல்ல மாணவருக்கு அதிகாரம் இல்லை. தொடங்கிய மருத்துவரிடம்தான் அனுப்பணும். வாத்தியார் சார், இதுக்காவது கட்டம் வேணுமா வேண்டாமா?

ஓபிடி வாத்தியார்:
அந்த ஒரு கட்டத்துக்குச் சரி. மாத்திரைப் பெயர், அளவு, எப்போதிலிருந்து, அது தொடங்கின பிறகு புதுசா வந்த தொந்தரவு எது. நாலு வரி. மிச்சத் தாள் வெள்ளையாவே இருக்கட்டும்.

ரூப்ரிக் ராணி:
மாதவிடாய்க்கு ஒரு வரி.

ஓபிடி வாத்தியார்:
அஞ்சு வரி. அதுக்கு மேல கேட்காதீங்க.