குதிகால் வலிக்கு 500 டொலர் கொடுக்கும் முன்

கனடாவுக்குப் புதிதாக வந்து வேர்ஹவுஸ், தொழிற்சாலை, உணவகம் என்று நின்றபடி வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகால் குத்துகிறது, நாலு அடி நடந்தால் கொஞ்சம் குறைகிறது, வேலை முடிந்து வரும்போது திரும்பவும் வந்துவிடுகிறது. "பாதத்தை அளந்து, சப்பாத்துக்குள் வைக்கச் செய்து தரும் ஆர்தோட்டிக்ஸ் போடு, இன்ஷூரன்ஸ் காசு தரும்" என்று கூட வேலை செய்பவர் சொல்வார். போடலாமா?

உடனே வேண்டாம் என்பதுதான் என் பதில். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் வேறு பதில், அதைக் கீழே சொல்கிறேன்.

மேலே சொன்ன மாதிரியான வலி பெரும்பாலும் பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் தசைநார்ப் பட்டையில் வருவது. இதற்கு எந்த இன்சோல் (சப்பாத்துக்குள் வைக்கும் அட்டை) நல்லது என்று அமெரிக்காவில் 15 மருத்துவ நிலையங்களில் 236 பேரை வைத்துப் பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் காலை இழுத்து நீட்டும் பயிற்சி செய்தார்கள். எட்டு வாரத்தில், கடையில் வாங்கும் சிலிக்கன் குதிகால் மெத்தை வைத்தவர்களில் 95 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. அளவெடுத்துச் செய்த விலை கூடிய இன்சோல் போட்டவர்களில் 68 விழுக்காடு. பயிற்சி மட்டும் செய்தவர்களிலேயே 72 விழுக்காடு! 2006இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்விலும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கடை இன்சோலுக்கும் அளவெடுத்ததற்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை.

அதனால் முதலில் சப்பாத்தைப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அதற்குள் எந்த இன்சோலை வைத்தும் பயனில்லை. குதிகாலைச் சுற்றிய பகுதி அமுக்கினால் நசுங்கக் கூடாது. அப்புறம் இன்சோல். ஆய்வில் சொன்னது குதிகாலுக்கு மட்டும் வைக்கும் மெத்தை, அதையும் வைத்துப் பார்க்கலாம். முழுப் பாதத்துக்கும் வைப்பதென்றால், தொட்டால் மெத்தென்று இருக்கும் ஜெல் கடையில் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பாத வளைவைத் தாங்காது. வளைவுப் பகுதி கெட்டியாக இருப்பதைத் தேடுங்கள். சூப்பர்ஃபீட், பவர்ஸ்டெப் போன்றவை ஏறக்குறைய 40 முதல் 80 டொலருக்குள் கிடைக்கும். வேலைக்குப் போடும் பூட்ஸையே கடைக்குக் கொண்டு போய், உள்ளே இருக்கும் பழைய அட்டையை எடுத்துவிட்டு வைத்துப் பாருங்கள். முதல் நாள் ஒன்றிரண்டு மணித்தியாலம் போதும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொன்று உண்டு. வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதில்லை. நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நின்றுவிட்டு, மாலை முழுக்கக் கடினமான தரையில் வெறுங்காலோடு சமையலறையில் நிற்கிறோம். வலி இருக்கும்வரை வீட்டுக்கென்று வளைவு தாங்கும் செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். அப்படிப் பத்துத் தடவை. நாளுக்கு மூன்று வேளை.

இத்தனையும் ஆறு, எட்டு வாரம் செய்தும் குறையாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் போங்கள். வீக்கம், மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போதும் வலி என்றால் அவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது. மூட்டுவாதத்தால் பாதம் உருமாறியவர்கள், கால் நீளம் வித்தியாசமானவர்கள், ஒரு பாதம் மட்டும் தட்டையாகிக்கொண்டே போகிறவர்கள் போன்றோருக்கு அளவெடுத்துச் செய்வது தேவைப்படலாம்.

நீரிழிவு இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கடை இன்சோலை நீங்களே வாங்கி வைக்கவே வேண்டாம். உரசுவது தெரியாது, புண்ணாகிப் பல நாள் கழித்துத்தான் தெரியவரும். ஒன்ராறியோவில் இதற்குரியவர், பாதங்களைப் பார்க்கும் நிபுணரான கைரோப்பொடிஸ்ட். மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இவருக்குக் காசு தராது. ஆனால் சில சமூக சுகாதார நிலையங்களில் இந்தச் சேவை இலவசமாகவே இருக்கிறது, உங்கள் பகுதி நிலையத்தை அழைத்துக் கேளுங்கள்.

அளவெடுத்துச் செய்வதென்றால் 400 முதல் 600 டொலர் வரை ஆகும். செய்பவர் உங்களை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், மூட்டு அசைவைப் பார்க்க வேண்டும், பாதத்தை அச்சாகவோ முப்பரிமாண ஸ்கேனாகவோ எடுக்க வேண்டும். ஒரு தட்டில் ஏற்றி நிறுத்தி, கலர்ப் படம் காட்டிவிட்டு விலை சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். வேலைத்தள இன்ஷூரன்ஸ் இருந்தால், எத்தனை வருடத்துக்கு ஒரு சோடி, எவ்வளவு தொகை, யாருடைய சீட்டு வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

"ஆர்தோட்டிக்ஸ் என்று பில் போடுகிறோம், நல்ல சப்பாத்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ரொறன்ரோ போக்குவரத்துச் சபையில் இந்த மாதிரிப் பொய் ரசீது விவகாரம் வெளியே வந்தபோது 200க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. புதிதாக வந்து, குடும்பத்தை நிலைநிறுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு சோடி சப்பாத்துக்காக அந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் கைக்காசில் செய்தால், மருத்துவரின் சீட்டையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்சோலை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.