ஆவியிலிருந்து கரிம நானோ துகள்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பிரிட்டோரியா பையன்:
மூணு வருஷமா என் வேலை, ஐபுப்ரூஃபெனை ஆவியாக்கி, நைட்ரஜன் ஓட்டத்தில் ஆறவிட்டு, துகளாப் பிடிக்கிறது. தலைவலி மாத்திரைக்குள்ள இருக்கிற அதே சரக்குதான். கரைப்பான் வேண்டாம், துகள் ஒட்டாமலிருக்க எதையும் கலக்கவும் வேண்டாம். அதுக்காகத்தான் இந்த வழிக்கு வந்தேன்.

முதல் மாசம் சிக்கனமா ஒத்திகை பார்ப்போம்னு அம்மா கொடுத்தனுப்பின சூடத்தை உலைக்குழாயில் வச்சேன். குழாயின் ஆறின முனையில் வெள்ளையாப் பூத்துது. துகள் எண்ணும் கருவியில் ஒண்ணுமே இல்ல. சூடம் அறைச் சூட்டிலேயே பறக்கிற பொருள். உருண்டை சிறுக்கச் சிறுக்க இன்னும் வேகமாப் பறக்கும், பிறந்த துகளும் கருவிக்கு வந்து சேராது. மேற்பார்வையாளர் சிரிச்சிட்டு, மெழுகு மாதிரி எளிதில் பறக்காத ஸ்டியரிக் அமிலத்தை எடுத்துக் கொடுத்தார். உடனே வந்துது.

2023-ல ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங் (இங்க தென்னாப்பிரிக்காவில் முறைவச்சுப் பண்ற கடுமையான மின்வெட்டு) நாள் ஒண்ணு. ஓட்டத்தின் நடுவில் உலை அணைஞ்சுது. எண்ணும் கருவி யூபிஎஸ்ல ஓடிக்கிட்டிருந்துது, நைட்ரஜன் சிலிண்டருக்குக் கரண்ட் தேவையில்ல. தலையில் கைவச்சு உட்கார்ந்திருந்தவன் திரையைப் பார்த்தா, 140 நானோமீட்டரில் (ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நின்ன முகடு, அதாவது அதிகத் துகள்கள் இருக்கிற அளவு, மெல்ல இடப்பக்கம் நகருது. உலை ஆற ஆற ஆவி குறையும், துகளும் சிறுக்கும். நாப்பது நிமிஷத்தில் 50 கிட்ட வந்துடுச்சு. நான் இரண்டு வாரம் திட்டம் போட்டு வச்சிருந்த அளவீடு அது! பிறகு ஒவ்வொரு வெப்பநிலையிலும் நிறுத்தி நிறுத்திச் சரிபார்த்தேன். அளவீட்டின் கடைசிப் பகுதி தவிர மத்தது ஒத்துப்போச்சு.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, எங்க ஆயா இதை உலையே இல்லாமப் பண்ணுவாங்க. விளக்கெண்ணெய்த் திரி, மேலே கவுத்த பித்தளைத் தட்டு, நடுவில் நாலு விரல் இடைவெளி. தட்டு தாழ்ந்தா கண்மை பிசுபிசுன்னு வரும், உயர்ந்தா பாதி புகையாப் போயிடும். நான் ஒருதரம் அவசரத்தில் தாழ்த்தி வச்சு அடி வாங்கினேன்.

பிரிட்டோரியா பையன்:
அக்கா, ஆயா சொன்னது சரி. எண்ணெய் ஆவி சுடரில் உடைஞ்சு, வளைய மூலக்கூறுகளாச் சேர்ந்து, பல பத்து நானோமீட்டர் மணிகளாகி, சங்கிலியாக் கோர்த்துக்கும். தட்டு தாழ்ந்தா அரைகுறையா எரிஞ்ச கரிமப் பொருள் அதோட ஒட்டிக்கும், அதுதான் பிசுபிசுப்பு. நல்ல மை பெரும்பாலும் வெறும் கரிதான், கரிமப் பொருள் கொஞ்சம்தான், அதனால இந்தத் தலைப்புக்கு அரை மார்க். கண்ணில் மட்டும் போடாதீங்க.

லெனேஷியா வாத்தியார்:
வகுப்பில் செய்தது. ஓசோன் அடைச்ச கண்ணாடி ஜாடி, பச்சை லேசர், ஆரஞ்சுத் தோல். தோலை மடிச்சுப் பிதுக்கினதும் கதிர் பளிச்சுனு கோடாத் தெரிஞ்சுது. ஒரு பொண்ணு, "சார், அது தோலிலிருந்து தெறிச்ச சாறுதானே?" என்றாள். நியாயமான கேள்வி! ஓசோன் இல்லாத இன்னொரு ஜாடியிலும் பிதுக்கினோம். அங்கேயும் கோடு வந்துது, ஆனா கொஞ்ச நேரத்தில் மங்கிடுச்சு. ஓசோன் ஜாடியில் நின்னுது. தோலின் வாசனை எண்ணெயில் இருக்கிற லிமோனீன் ஓசோனோடு சேர்ந்து எளிதில் பறக்காத பொருளாகி, அப்படியே காற்றில் திரளுது. அவளுக்குத்தான் அன்னிக்கு மார்க்.

காற்றில் இருக்கிற தூசை அளக்கிற என்னுடைய மலிவான பிஎம் மீட்டர் மட்டும் கிட்டத்தட்ட அசையவே இல்ல.

பிரிட்டோரியா பையன்:
அந்த மீட்டர்கள் 300 நானோமீட்டருக்குக் கீழே குருடு சார். இன்னொண்ணு, ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி துகள் இருந்தா கால் நிமிஷத்தில் ஏறக்குறைய பாதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடும். துகள் பண்றது சுலபம், அப்படியே வச்சிருக்கிறதுதான் தலைவலி. உலை வாயிலேயே குளிர்ந்த நைட்ரஜனை நிறையக் கலந்து நீர்க்கவிடுறதுதான் என் வழி.

டோங்காட் கரும்புக்காரன்:
அறுவடைக்கு முன்னாடி தோட்டம் கொளுத்துற அன்னிக்கு எங்க கொடித்துணி மேல விழுதே கறுப்புச் சருகு, அதுவும் நானோவா?

பிரிட்டோரியா பையன்:
இல்லண்ணே, அது கண்ணுக்குத் தெரியுதே! நம்ம சரக்கு அதோட வந்த புகைக்குள்ள இருக்கு.

சாட்ஸ்வொர்த் அக்கா:
துணி திரும்பத் துவைக்கிறது யாரு?