அந்த ஊதாப் பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது?

விச்சிட்டாக்காரன்:
கான்சாஸ் ஃபிளிண்ட் ஹில்ஸ் சாலையோரத்தில் எடுத்த பூப்படத்தைப் போட்டு ‘ஊதாப் பாப்பி’ என்று எழுதியிருக்கிறார் தோட்டத்துமீனா. பாப்பியாம்! மகரந்தத் தாள்கள் ஒரே குழாயாய் ஒட்டியிருப்பது கண்ணில் படவில்லையா? செம்பருத்திக் குடும்பம் அது. காலிரோ இன்வாலுக்ரேட்டா, அதாவது வைன்கப். பருத்திப் பூவுக்கு அடியில், புல்லிவட்டத்துக்கு வெளியே, இலை மாதிரி மூன்று இருக்குமே, அதே மாதிரி சின்னதாய் மூன்று புறப்புல்லி இருக்கும். பேச்சு முடிந்தது.

தோட்டத்துமீனா:
அமெரிக்கர்களே ‘பாப்பி மேலோ’ என்கிறார்கள். நான் பாதிப் பெயரை எழுதினேன், அது ஒரு குற்றமா? அப்புறம், படம் மேலிருந்து எடுத்தது. அடியில் இருப்பது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

புல்லுக்கட்டு:
அதானே! இது அதே காலிரோவில் இன்னொரு வகை, டிஜிடேட்டா. செடி நிமிர்ந்து நிற்கிறது, இலை ஒல்லி விரல்களாய்ப் பிரிந்திருக்கிறது. அதற்குப் புறப்புல்லியே கிடையாது. இன்வாலுக்ரேட்டா தரையில் படரும்.

விச்சிட்டாக்காரன்:
சுற்றிலும் உயரப் புல் நின்றால் படர்கிற தண்டும் அதில் சாய்ந்து மேலே ஏறும். பன்னிரண்டு வருஷமாய் என் வாசலில் வளர்க்கிறேன். மூன்று புறப்புல்லி.

புல்லுக்கட்டு:
உங்கள் வாசலா இந்தப் படத்தில் இருக்கிறது? இலையைப் பாருங்கள் ஐயா.

விச்சிட்டாக்காரன்:
இலை ஒரே செடியிலேயே மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். புறப்புல்லியை வைத்துத்தான் அதற்கு இன்வாலுக்ரேட்டா என்று பெயரே வைத்தார்கள். போன வருஷம் கொலராடோவில் குளோப்மேலோ என்ற ஆரஞ்சுப் பூவைப் பார்த்து ‘ஆரஞ்சுத் துத்தி’ என்று மூன்று நாள் சாதித்தவர்தானே நீங்கள்?

புல்லுக்கட்டு:
துத்தியும் அதே குடும்பம்தான். பழைய கணக்கை இங்கே ஏன் எடுக்கிறீர்கள்?

வழிப்போக்கன்:
வைன்கப் கிழங்கு முள்ளங்கி மாதிரி இருக்கும், தின்னலாம் என்கிறார்களே. தோண்டிப் பார்த்தால் சண்டை தீருமே?

தோட்டத்துமீனா:
சாலையோரத்தில் மிஞ்சியிருப்பதே பத்துச் செடி. அதையும் தோண்டுங்கள்! புல்வெட்டி வண்டிக்காரன் பரவாயில்லை.

வழிப்போக்கன்:
கேட்டது தப்பாம்மா?

விச்சிட்டாக்காரன்:
கிழங்கை விடுங்கள். மூன்று புறப்புல்லி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தோட்டத்துமீனா:
சரி, சனிக்கிழமை போய்ப் பூவைத் திருப்பிப் படம் எடுத்து வருகிறேன்.

விச்சிட்டாக்காரன்:
சாயங்காலம் போகாதீர்கள், மூடிக்கொள்ளும். எடுத்து வந்தாலும் மூன்றுதான்.

புல்லுக்கட்டு:
பூஜ்யம்.