சென்னை மழைக்காலத்தில் ஹோஸ்டாவும் நத்தைத் தொல்லையும்

கேள்வி: அடையாறில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், வெயில் படாத சுவரோரமாக இரண்டு ஹோஸ்டா (அகன்ற இலை அழகுக்காக வளர்க்கும் நிழல்செடி) தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இலை நடுவே ஓட்டைகள் விழுகின்றன. காலையில் தொட்டி விளிம்பில் காய்ந்த பளபளப்பான தடமும் தெரிகிறது. உப்புத் தூவலாமா?

பதில் 1: உப்பு வேண்டாம், அது மண்ணில் தங்கி வேரைக் கெடுத்துவிடும். அந்தத் தடம் நத்தையுடையதுதான். நனைத்த சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலைகளைப் பரப்பி வைத்தால், விடிவதற்குள் நத்தைகள் அங்கே வந்து ஒண்டியிருக்கும். பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஆப்பிரிக்கப் பெருநத்தை, மனிதருக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கும் புழுவைச் சுமக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். மேல்மண்ணைக் கிளறி, மிளகளவு வெளிர்மஞ்சள் முட்டைகள் கொத்தாக இருந்தால் அவற்றையும் நசுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் நத்தையை மட்டும் பொறுக்குவது வீண்வேலை.

பதில் 2: கடையில் நத்தைக்கொல்லியாக மெட்டால்டிஹைடு குருணை கொடுத்தால் வாங்காதீர்கள், நாய், பூனை தின்றால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதிலான இரும்புப் பாஸ்பேட் குருணை அவ்வளவு அபாயமானதல்ல.

பதில் 3: நத்தை ஒழிந்தாலும் ஹோஸ்டா நிலைக்குமா என்பது ஐயமே. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கினால்தான் அடுத்த ஆண்டு செழிக்கும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. நிழலுக்குக் கலாடியமோ அக்லோனிமாவோ வைக்கலாம்.